நாக சதுர்த்தியன்று வந்த சாரை

ஆடி மாத வளர்பிறைச் சதுர்த்தியில் கொழும்புக் கோயில்களில் நாகருக்குப் பால் வார்க்க விடியவே சனம் சேர்ந்துவிடும். நான் முதலில் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரரிடம் போனேன். 1857இல் பொன்னம்பல முதலியார் கட்டிய கோயில். பிறகு அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுவதும் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். வெளியே என்ன வெயில் எரித்தாலும் உள்ளே கால் குளிரும். கும்பிட்டுவிட்டு, வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கம் இருக்கும் எங்கள் சின்ன அம்மன் கோயிலுக்கு ஓட்டோ பிடித்தேன்.

அங்கே அரசமரத்தடியில் நாகர் கற்கள். மஞ்சள் பூசி, பூ வைத்து, பால் அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. குருக்கள் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்து நயினாதீவு அம்மன் கோயில் கதையைச் சொன்னார். அம்மனுக்குப் பூ எடுத்துக்கொண்டு கடலில் நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறித்ததாம். நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொள்ள, கருடன் இன்னொரு கல்லில் உட்கார்ந்ததாம். அந்த வழியாகக் கப்பலில் வந்த வணிகன் ஒருவன் நாகத்துக்காகக் கெஞ்ச, அம்மனுக்குக் கோயில் கட்டினால் விடுகிறேன் என்று கருடன் சொன்னதாம். பாம்பு சுற்றிய கல்லையும் கருடன் கல்லையும் இன்றைக்கும் கடலில் காட்டுவார்கள்.

கதை முடியவில்லை, மதிலோரப் பொந்திலிருந்து ஒரு பாம்பு வெளியே வந்தது. நல்ல நீளம். "நாகதம்பிரான்!" என்று யாரோ கத்த, பாதிப் பேர் பின்னால் ஓடினார்கள், மீதிப் பேர் கைகூப்பினார்கள். குருக்கள் மட்டும் பதறாமல், "ஆடாமல் நில்லுங்கோ, அது தன்ர பாட்டில போகும்" என்றார். அப்படியே போயிற்று. கற்களைத் திரும்பியும் பாராமல் கால்வாய்ப் புல்லுக்குள் நுழைந்துவிட்டது.

அப்புறம்தான் வாக்குவாதம். படமெடுக்கவில்லையே, சாரை என்றார் ஒருவர். சதுர்த்தியன்று சாரை ஏன் வரும், நாகம்தான் என்றார் ஓர் அன்ரி. ஒரு பெடியன் கைபேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். பெரிய கண், உதட்டோரம் கறுப்புக் கோடுகள். சாரையேதான். அன்ரி விடவில்லை: "சாரை ஆண், நாகம் பெண், ரெண்டும் ஒண்டுதான்."

இதை என் அம்மம்மாவும் சொல்லுவா. சாரையும் நாகமும் பின்னிப் பிணையும்போது மேலே வெள்ளைத் துணி போட்டு எடுத்து வைத்தால் வீட்டில் செல்வம் தங்கும் என்று அலுமாரியில் ஒரு துணியே வைத்திருந்தா. உண்மையில் இரண்டும் வேறு வேறு இனம், இரண்டிலும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. நாம் பார்க்கும் அந்தப் பின்னல் பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு. பாம்பு பால் குடிக்கும் என்பதும் அப்படித்தான். தாகத்தில் தவித்தால் எதையும் குடிக்குமே தவிர, பால் அதன் உணவே இல்லை. கல்லுக்கு வார்ப்பதோடு நிறுத்துவது அம்மனுக்கும் பாம்புக்கும் நல்லது.

ஆனாலும் இந்தக் கதைகளை நான் பழிக்க மாட்டேன். வாசலில் பூ விற்கும் சிங்கள அம்மா சொன்னதைக் கேளுங்கள். அவர்கள் வீட்டு முற்றத்துக்கு நாகம் வந்தால் செத்துப்போன சொந்தம் யாரோ வந்திருக்கிறார் என்று நினைத்து, அடிக்காமல் போகச் சொல்லிக் கும்பிடுவார்களாம். மழையில் புத்தருக்குப் படம் விரித்துக் குடை பிடித்த முசலிந்த நாகராஜனின் கதையும் அவர்களுக்கு உண்டு. எங்கள் நாகதம்பிரானும் அவர்களுடைய நாகராஜனும் சேர்ந்து எத்தனை பாம்புகளைத் தடியிலிருந்து காப்பாற்றியிருப்பார்கள்! பாவம், கண்ணாடிப் புடையன் என்கிற கண்ணாடி விரியனுக்கு அப்படி ஒரு சாமியும் இல்லை.

கொழும்பில் பாம்பா என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்ற ஊர் இது. கால்வாயும் சதுப்பும் வீடுகளுக்கு நடுவே கிடக்கின்றன. பெருமழையில் பொந்துக்குள் தண்ணீர் ஏறினால் பாம்புகள் மேட்டுக்கு வரத்தானே செய்யும்?

பூசை முடிந்து சுண்டல் வாங்கும்போது, பொந்தைச் சீமெந்து வைத்து அடைக்கலாமா என்று பேச்சு வந்தது. வேண்டாம் என்றார் குருக்கள். அன்னதான இலைகளை இரவு முழுக்க மதிலடியில் போட்டு வைக்கிறோம், அதற்கு எலி வருகிறது, எலிக்குப் பின்னால் சாரை வருகிறது, சாரை போனால் எலிதான் பெருகும் என்றார். கடைசியில் பொந்தை விட்டுவிட்டார்கள். இலைகளை இருட்டுவதற்கு முன்பே அள்ளிவிடுவது, மரத்தடியில் ஒரு விளக்குப் போடுவது என்று முடிவாயிற்று. விளக்குச் செலவை அந்த அன்ரியே ஏற்றுக்கொண்டார், வந்தது நாகம்தான் என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு.