மலையில் மட்டும் பெட்ரோல் குடித்த கார்

வண்டி பெட்ரோல் குடிக்குது, சைலன்சர் பக்கம் பெட்ரோல் வாடை அடிக்குது என்று ஒருவர் காரைக் கொண்டுவந்து விட்டால், இப்போதெல்லாம் பாதிப் பட்டறைகளில் முதல் பலி ஆக்சிஜன் சென்சார்தான். ஸ்கேனரில் ரிச், அதாவது காற்றுக்கு வேண்டியதைவிட பெட்ரோல் அதிகம், என்று காட்டுகிறது, ரிச் என்று சொல்வது புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்க்கிற அந்த சென்சார், ஆகவே சென்சார் போச்சு, மாற்று. வீட்டில் தீப்பிடித்திருக்கிறது என்று கத்தியவனையே பிடித்து உள்ளே வைக்கிற மாதிரியான நியாயம் இது. நாலைந்தாயிரம் ரூபாய் போகும், வாடை அப்படியே இருக்கும்.

மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கிறவனுக்கு ரிச் என்பது புது விஷயம் இல்லை. கார்புரேட்டர் காலத்தில் இங்கே நல்லபடியாக டியூன் பண்ணி அனுப்பிய அம்பாசடர் குன்னூர் தாண்டுவதற்குள் கரும்புகை விட ஆரம்பிக்கும். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 300 சொச்சம் மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். இங்கே காற்றழுத்தம் 97 கிலோபாஸ்கல் வாக்கில் இருந்தால் அங்கே 78க்குப் பக்கம் வந்துவிடும். காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது கார்புரேட்டரில் பெட்ரோல் விடுகிற சின்ன ஓட்டையான ஜெட்டுக்கு எப்படித் தெரியும்? அது பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருக்கும். ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும், அது கிடைக்காதபோது மிச்சம் கரியாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் வெளியே வரும். நான் தொழில் கற்றுக்கொண்ட இடத்தில் மலையிலேயே ஓடுகிற வண்டிக்குச் சின்ன ஜெட் போட்டுக் கொடுப்பார்கள்.

இன்ஜெக்டர் வண்டியில் இந்தத் தொல்லை போய்விட்டது. மேப் சென்சார் இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளந்து சொல்லும், இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூ அதற்குத் தக்கபடி இன்ஜெக்டரைத் திறந்து மூடும். ஊட்டி ஏறினாலும் ராமேஸ்வரம் இறங்கினாலும் யாரும் ஸ்குரூ திருப்ப வேண்டியதில்லை. அதனால்தான் அந்தக் குன்னூர் கார் என்னைக் கொஞ்சம் சோதித்துவிட்டது.

குன்னூரில் வாத்தியாராக இருக்கும் ஒரு சாரின் சின்ன கார், 2013 மாடல். "தம்பி, முன்ன பதினாறு கொடுத்துட்டிருந்துச்சு, இப்ப பத்துகூட தாண்ட மாட்டேங்குது. கார் ஷெட்ட திறந்தா வாடை. எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் பண்ற வேலைதான்" என்றார். ஏற்கெனவே வேறொரு பட்டறையில் ஆக்சிஜன் சென்சார், பிளக் நாலு, இன்ஜெக்டர் கிளீனிங், ஏர் பில்டர் எல்லாம் முடிந்திருந்தது. பில்லை மடித்துப் பையில் வைத்திருந்தார்.

எத்தனாலைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், தினமும் யாராவது கேட்கிறார்கள். இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் மைலேஜ் கொஞ்சம் குறையும், உண்மைதான். எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் அது இன்ஜினை ரிச் ஆக்காது, லீன், அதாவது பெட்ரோல் குறைவான பக்கம்தான் தள்ளும், ஏனென்றால் எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஈசியூ அதைச் சரிக்கட்டக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றும், ஸ்கேனரில் பியூயல் டிரிம், அதாவது ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம், பிளஸ்ஸில் நிற்கும். பிளக் கருப்பாகி வாடை அடிக்கிற வண்டிக்கு இ20 மேல் பழி போட முடியாது. பதினாறு பத்தாகவும் ஆகாது.

பிளக்கைக் கழற்றினேன். நாலுமே ஒரே மாதிரி கருப்பு, விரலில் தேய்த்தால் அடுப்புக்கரி போல ஒட்டியது. ஒன்று மட்டும் கருப்பாக இருந்தால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, அங்கே மிஸ்ஃபயர் ஆகிறதா என்று போகலாம். நாலும் ஒரே மாதிரி என்றால் கோளாறு நாலுக்கும் பொதுவான இடத்தில். ஆயில் குச்சியை உருவி முகர்ந்தேன், ஆயிலிலும் பெட்ரோல். அப்புறம் பெட்ரோல் லைனில் பிரஷர் கேஜ் மாட்டினேன், 3 பார் சுத்தமாக நின்றது, இன்ஜினை நிறுத்திய பிறகும் இறங்கவில்லை. டேங்கிலிருந்து ஆவி இழுக்கும் பர்ஜ் வால்வு ஒழுங்காக மூடுகிறது. மேப் சென்சாருக்குப் போகும் ரப்பர் ஓஸ் வெடித்திருந்தால் ஈசியூ இன்ஜின் பெரிய லோடில் இருப்பதாக நினைத்து ஊற்றித் தள்ளும், அதையும் பார்த்தாயிற்று, ஐட்லிங்கில் 33 கிலோபாஸ்கல் காட்டியது, சரி.

இதில் என்னை உறுத்தியது டிரிம்தான். ரிச்சாக ஓடும் வண்டியில் சாதாரணமாக அது மைனஸில் ஆழமாகப் போயிருக்கும், மைனஸ் இருபது, இருபத்தைந்து, அதற்குமேல் போனால் பி0172 கோடு விழுந்து செக் லைட் எரியும். ஈசியூவுக்குத் தெரியாமல் எங்கிருந்தோ பெட்ரோல் வருகிறது, அது குறைத்துக் குறைத்துப் பார்க்கிறது என்று அர்த்தம். இந்த வண்டியில் ஈசியூ நாள்பட்டுக் கற்றுவைக்கிற லாங் டேர்ம் டிரிம் மைனஸ் 2. கோடும் இல்லை. என் பட்டறையில் அரை மணி நேரம் ஓடவிட்டுப் புகை மெஷினை வைத்தால் கார்பன் மோனாக்சைடு 0.1 சதவீதம்கூட இல்லை, பிஎஸ்4 வண்டிக்கு ஐட்லிங்கில் 0.3 வரை அனுமதி. வண்டி சுத்தம். பிளக் மட்டும் கரி.

இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வேண்டுமானால் ஒரே வழிதான். யாரும் ஈசியூவை ஏமாற்றி உள்ளே பெட்ரோல் விடவில்லை. ஈசியூவே தெரிந்துதான் ஊற்றுகிறது, அதுவும் என் பட்டறையில் இல்லாத ஏதோ ஒரு சூழ்நிலையில். மார்கழிக் காலை குன்னூரில் இருக்கிற ஒன்று சித்திரை மாதிரி வெயில் அடிக்கும் மேட்டுப்பாளையத்தில் இல்லை என்றால் அது குளிர்தான்.

சாரிடம் வண்டி தினம் எங்கே போகிறது என்று கேட்டேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர், சாயந்திரம் திரும்ப நாலு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை கோயில். "அவ்வளவுதாம்ப்பா, நான் எங்க ஊர் சுத்தறேன்." மெக்கானிக்கிடம் மைலேஜ் புகார் சொல்கிற யாரும் இதை முதலில் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

மறுநாள் சாயந்திரம் நானே வண்டியை ஓட்டிக்கொண்டு மலை ஏறி, குன்னூரில் மாமா வீட்டில் படுத்துவிட்டுக் காலையில் சார் வீட்டு வாசலில் ஸ்கேனரை மாட்டினேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் சாவி போட்டதும் கூலண்ட் சென்சாரும் உள்ளே போகும் காற்றின் சென்சாரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று 11 டிகிரி, இன்னொன்று 12. கூலண்ட் சென்சார் பொய் சொல்லவில்லை. அது நின்றுபோயிருக்கும் என்றுதான் நான் பாதி எதிர்பார்த்தேன்.

சார் ஓட்டினார், நான் பக்கத்தில். கூலண்ட் சூடு 20, 28, 35. ஊர் தாண்டி ஓர் இறக்கம் வந்தது, ஏறின சூடு மறுபடி 33. பள்ளிக்கூட கேட்டில் நிற்கும்போது 46. அந்த மாடலில் சூடு அறுபதைத் தாண்டினால்தான் ஈசியூ ஆக்சிஜன் சென்சார் பேச்சைக் காதில் வாங்கும், அதுவரை ஓப்பன் லூப், குளிர்ந்த இன்ஜினுக்கு என்று எழுதி வைத்திருக்கிற கூடுதல் கணக்குப்படி ஊற்றும். ஆக்சிஜன் சென்சார் பாவம் 0.85 வோல்ட்டில் நின்று ரிச், ரிச் என்று சொல்லிக்கொண்டே இருந்தது, கேட்பார் இல்லை. ஓப்பன் லூப்பில் டிரிம் எதையும் கற்றுக்கொள்ளாது, அதனால்தான் கோடும் விழவில்லை. சாயந்திரமும் இதே கதை. அதாவது அந்தக் கார் மாதக்கணக்கில் ஒரு நாள்கூட முழுசாகச் சூடாகாமலே ஓடியிருக்கிறது, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கிறது.

நாலு கிலோமீட்டரில் எந்த வண்டியும் முழுசாகச் சூடாகாதே என்று கேட்கலாம். ஆனாலும் 46 ரொம்பக் குறைவு. வண்டியை ஆறவிட்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டர் மேல் ஓஸில் கையை வைத்தேன். இன்ஜின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கிற வால்வுதான் தெர்மோஸ்டாட், அது இருக்கிற வண்டியில் அதுவரை அந்த ஓஸ் ஜில்லென்று இருக்கும், 82 டிகிரி வாக்கில் வால்வு திறந்ததும் சட்டென்று சுடும், கையை எடுத்துவிடுவோம். இங்கே ஓஸ் முதல் நிமிஷத்திலிருந்தே இன்ஜினோடு சேர்ந்து மெதுவாக வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தது. ஹவுசிங்கைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. வாஷர் மட்டும் இருந்தது. கூலண்டும் இல்லை, வெறும் தண்ணீர், துருக் கலரில்.

"நாலஞ்சு வருஷம் முன்ன சேலம் பக்கம் ஒரு தடவ ஹீட் ஆச்சு தம்பி. அங்க ஒருத்தர் ஏதோ ஒண்ண கழட்டிட்டு, நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்னாரு." அப்போது சார் ஈரோட்டில் வேலை பார்த்தார், அந்த வெயிலில் தெர்மோஸ்டாட் இல்லாதது பெரிதாகத் தெரியவில்லை. போன வருஷம்தான் குன்னூருக்கு மாற்றல், மைலேஜ் விழுந்ததும் அதிலிருந்துதான். மாற்றலை யாரும் கோளாறோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவது நம் பக்கம் ரொம்ப நாள் வழக்கம். ரேடியேட்டர் அடைத்துக்கொண்டாலும் பேன் ஓடாவிட்டாலும் அதைச் சரிபண்ண நேரமாகும், இதைக் கழற்றினால் வண்டி அப்போதைக்கு ஊர் போய்ச் சேரும். நடுரோட்டில் நிற்கிற வண்டிக்கு அது தப்பில்லை. ஊர் போய்ச் சேர்ந்த பிறகு திரும்பப் போடச் சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

தெர்மோஸ்டாட் சில நூறு ரூபாய், கூலண்ட், ஆயில், ஆயில் பில்டர். மறுபடி ஒரு குளிர்க் காலையில் பார்த்தபோது பள்ளிக்கூடம் வருவதற்கு ஒரு கிலோமீட்டர் முன்பே ஆக்சிஜன் சென்சார் பேச்சைக் கேட்கிற குளோஸ்ட் லூப்புக்கு வந்துவிட்டது. மைலேஜ் பதினாறு வரவில்லை, பதிமூன்றரை வருகிறது என்றார். குளிரில் நாலு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது என்று சொன்னேன், அரை மனதாக ஒத்துக்கொண்டார். அதைவிட அவருக்குப் பெரிய வருத்தம் டிக்கியில் டப்பாவோடு கிடந்த பழைய ஆக்சிஜன் சென்சார். எடுத்து மாட்டிப் பார்த்தேன், அருமையாக வேலை செய்தது. "அப்ப புதுசைக் கழட்டித் திருப்பிக் கொடுத்தா காசு தருவாங்களா தம்பி?" என்று கேட்டார். எலக்ட்ரிகல் சாமானை எந்தக் கடைக்காரர் திரும்ப எடுத்திருக்கிறார்.