செம்பி இன்னும் கன்னு போடல

6 ஜனவரி 2024, சனி

மடி நல்லா இறங்கிடுச்சு. காம்பு பளபளன்னு இருக்கு. ஆனா வாலுக்கு ரெண்டு பக்கமும் இன்னும் குழி விழல, கெட்டியாதான் இருக்கு. காலையில ஆஸ்பத்திரியில இருக்கிற அப்பாகிட்ட கால் எப்படி இருக்குன்னு கேட்டா, "காலு கெடக்கட்டும், நீ வாலுகிட்ட தொட்டுப் பாத்தியா"ன்னு என்னையே கேக்குறாரு. பக்கத்து கட்டில்காரர் சிரிக்கிறது போன்ல கேக்குது.

சினை ஊசி போட்ட தேதி ஏப்ரல் 7னு மளிகைக்கடை காலண்டர்ல அவர் கையெழுத்துல இருக்கு. ஒன்பது மாசம் பத்து நாள்னு வச்சா பொங்கல் கழிஞ்சு ஒன்னு ரெண்டு நாள். தைப்பூசம் 25. முதல் நாலஞ்சு நாள் சீம்பால், அத பால்குடத்துக்குக் குடுக்க முடியாது, காய்ச்சினா கட்டி கட்டியா திரிஞ்சுரும். அதனால இவ பொங்கல ஒட்டி போட்டாதான் கணக்கு சரியா வரும், தள்ளிப் போச்சுன்னா ஆர்டர் குடுத்தவங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும்.

தோட்டத்துல மூணாம் பிளாக் ஓரத்துல சிவப்பு துணி கட்டுன குச்சி ரெண்டு நட்டு வச்சிருக்காங்க. மண்டோர் (தோட்டக் கங்காணி) தனக்குத் தெரியாதுங்கிறாரு.

8 ஜனவரி, திங்கள்

புதன்கிழமை காலையில 6 மணில இருந்து 14ஆம் தேதி வரைக்கும் தண்ணி கட்டு, குழாய்ல வராது. சுங்கை துவாவுல பெரிய வால்வு மாத்துறாங்களாம். பினாங்குக்கு வர்ற தண்ணி முக்காவாசிக்கு மேல சுங்கை மூடா ஆத்துலேருந்துதான், சுங்கை துவாவுல சுத்தம் பண்ணித்தான் அனுப்புறாங்க, அதுல கை வச்சா தீவும் காயும் கரையும் காயும். எல்லாரும் குளிக்கிறதுக்கும் சமைக்கிறதுக்கும் தோங் (தண்ணி டிரம்) வாங்க ஓடுறாங்க. என் கணக்கு வேற. பால் கறக்குற மாடு ஆறு, இந்த வெயில்ல ஒன்னு 60 லிட்டராச்சும் குடிக்கும். மிச்சம் எட்டுக்கு ஆளுக்கு 30னு போட்டாலும் ஒரு நாளைக்கு 600. நாலு நாளைக்கு 2400. இது குடிக்க மட்டும், கொட்டகை கழுவுறது மடி கழுவுறது எல்லாம் தனி. தவ்வு (சோயா பால் கட்டி) கம்பெனி தவுக்கேகிட்ட, அதான் முதலாளிகிட்ட, கேட்டேன், சோயா சக்கை எடுக்கப் போறப்பவே நீல தோங் பன்னெண்டு தூக்கிட்டுப் போன்னு சொல்லிட்டாரு, காசு வேணாமாம், முடிஞ்சதும் கழுவிக் குடுத்தா போதுமாம். அப்பாவோட முப்பது வருச பழக்கம், எனக்கு இல்ல அந்த மரியாதை.

பாரிட் (தோட்டத்து வாய்க்கால்) தண்ணி இருக்கேன்னு மாமா சொல்றாரு. மூணாம் பிளாக்ல மருந்து அடிக்கிற வாரத்துல பாரிட் தண்ணியா? வேற வேலை இல்ல.

10 ஜனவரி

குழாய்ல காத்துதான் வருது. செம்பி இன்னும் போடல.

11 ஜனவரி, வியாழன்

மருந்து. இதப் பத்தி எழுதாம தூக்கம் வராது.

நாம செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) அடியில மாடு மேய்க்கிறோம், தோட்டத்துக்குப் புல்லு குறையுது, நமக்குத் தீனி, ரெண்டு பேருக்கும் லாபம்னு பேச்சு. ஆனா புல்லுக்கு மருந்து அடிக்கிற அன்னிக்கு யாரும் போன் பண்றதில்ல. காலையில மாட்ட ஓட்டிட்டுப் போறேன், முதுகுல தொட்டி மாட்டிக்கிட்டு நாலு பங்களாதேஷ் பையனுங்க வரிசையா வர்றாங்க, மூக்குல ஒரு துணி கூட இல்ல. திருப்பி ஓட்டுறதுக்குள்ள சுட்டி ரெண்டு வாய் மேஞ்சிடுச்சு. அந்தக் காலத்துல அடிச்சது பாராகுவாட், 2020 ஜனவரிலேருந்து இந்த நாட்டுல அது தடை, அப்பா அந்த நாளையே கொண்டாடுனாரு. இப்ப அடிக்கிறது வேற, அதுக்கும் லேபிள்ல இத்தனை நாளைக்கு மாட்ட விடாதேன்னு போட்டிருப்பான், ஆனா அந்த டப்பா மண்டோர் ஸ்டோர்ல பூட்டிக் கெடக்கு. ஒரு சிவப்புக் கொடி நட்டா என்ன? குச்சி நடுறதுக்கு மட்டும் ஆள் இருக்கு.

சுட்டி சாயங்காலம் வரைக்கும் அசை போட்டுச்சு. அசை போட்டா நல்லதுதான்னு அப்பா சொல்றாரு.

13 ஜனவரி

தண்ணி வந்துடுச்சு, டீ கலர்ல. ஒரு மணி நேரம் திறந்து விட்டாச்சு. மாடுங்க மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்குதுங்க, குளோரின் வாசம்.

15 ஜனவரி, திங்கள்

பொங்கல். பால் பொங்குச்சு. செம்பி பாலு இல்ல.

16 ஜனவரி

கொம்புக்குப் பெயிண்ட் அடிக்கலாமான்னு தங்கச்சி பையன் கேட்டான், மஞ்சளும் குங்குமமும் போதும்னு சொல்லிட்டேன். வீடியோ கால்ல அப்பாவுக்கு எல்லாத்தையும் வரிசையா காட்டணும், ஒன்னு விட்டாலும் கண்டுபிடிச்சிடுறாரு. "கெடேரி எங்க, அந்த வெள்ளக் காலு?" தண்ணி குடிக்கப் போயிருந்துச்சு. நர்ஸ் பொண்ணு, மலாய்க்காரப் பொண்ணு, தோளுக்கு மேல எட்டிப் பாத்து "சாந்தேக்னியா" (என்ன அழகு) ங்குது. பிளாஸ்டிக் டப்பா மாதிரி இருந்த வார்டே சிரிச்சிச்சு.

செம்பிய மட்டும் ரெண்டு தடவை காட்டச் சொன்னாரு. வால் பக்கம் லேசா குழி.

17 ஜனவரி

ஆர்டர் நோட்டு முன்னாடி உக்காந்திருக்கேன். ஒரு குடத்துக்கு ரெண்டுலேருந்து மூணு லிட்டர். ரெண்டு பஸ்காரங்க சேந்து கேக்குறாங்க, தண்ணிமலை முருகன் கோயிலுக்கு ராத்திரியே போறவங்க. இப்பல்லாம் பாக்கெட் பால் ஊத்திட்டுப் போறவங்கதான் நிறைய, முருகன் ஒன்னும் கோச்சுக்கப் போறதில்ல, ஆனா கறந்த பாலுதான் வேணும்னு கேக்குறவங்க இன்னும் இருக்காங்க, அவங்களாலதான் ஜனவரி மாசம் புண்ணாக்குக் கடன் அடையுது. செம்பி இல்லாம கணக்குப் போட்டா 20 லிட்டர் இடிக்குது.

19 ஜனவரி, வெள்ளி

போட்டுட்டா! கெடேரி!!

ராத்திரி ரெண்டரைக்கு எழுந்து எழுந்து படுத்துக்கிட்டு இருந்தா. பன்னீர்க்குடம் உடைஞ்சதும் முன்கால் ரெண்டும் தெரிஞ்சிச்சு, குளம்பு கீழ பாத்து இருந்துச்சு, அப்பாடான்னு இருந்திச்சு, மேல பாத்திருந்தா பின்கால், அப்ப ஆள் தேடணும். கால் மேல மூக்கு, நாக்கு வெளிய நீலமா. கைய வைக்காதேன்னு அப்பா சொல்லியிருக்காரு, அவ முக்கும்போது மட்டும் கீழாக்க இழு, இல்லாட்டி சும்மா நில்லு. சும்மா நிக்கிறதுதான் கஷ்டம். மூக்க வழிச்சு விட்டேன், வைக்கோலால நெஞ்சத் தேச்சேன், தும்முச்சு. நஞ்சுக்கொடி விடியறதுக்குள்ள விழுந்துடுச்சு, நாய் எடுக்காம புதைச்சாச்சு.

வேலைக்கு எம்.சி. (டாக்டர் சீட்டு) இல்ல, லீவும் இல்ல. சூப்பர்வைசர்கிட்ட என்ன சொல்றது, மாடு கன்னு போட்டுச்சுன்னா?

20 ஜனவரி, சனி

காலையில செம்பி எழுந்திரிக்கல.

காது ஐஸ் மாதிரி. கழுத்த வளைச்சு விலா மேல சாய்ச்சிட்டுப் படுத்திருக்கா, கண்ணு எங்கயோ பாக்குது. சனிக்கிழமை ஆபிஸ் எல்லாம் பூட்டு, ஒரு நம்பர் அடிச்சா அடுத்த நம்பர் குடுக்குறாங்க, அடுத்த நம்பர் எடுக்கல. அப்பா போன்ல சத்தம் போடுறாரு, "பால் ஜுரம், பால் ஜுரம், கால்சியம் ஏத்தணும், படுக்க விடாத சாய்ஞ்சி, நெஞ்சு மேல உக்கார வை, வயிறு உப்பிடும்". நானும் மாமாவும் முட்டுக் குடுத்து, ரெண்டு பக்கமும் புண்ணாக்கு மூட்டை அண்டக் குடுத்தோம்.

புக்கிட் மெர்தாஜாம்லேருந்து பிரைவேட் டாக்டர் பத்து மணிக்கு வந்தாரு. கழுத்து நரம்புல பாட்டில், ரொம்ப மெதுவா, ஒரு கையில பாட்டில் இன்னொரு கையில ஸ்டெதாஸ்கோப். வேகமா ஏத்துனா இதயம் நின்னுடுமாம். பேர் ஜுரம்தானே தவிர உடம்பு சூடு இருக்காதாம், கன்னு போட்டதும் உடம்புல இருக்கிற கால்சியமெல்லாம் மடிக்கு ஓடிடும், நல்லா பால் குடுக்குற வயசான மாட்டுக்குத்தான் வரும்னாரு. பாதி பாட்டில் போனதும் தொடை நடுங்குச்சு. அப்புறம் ஒரு ஏப்பம். அப்புறம் சாணி போட்டா. எனக்கு அவ்வளவு சந்தோசமா சாணியப் பாத்ததா ஞாபகம் இல்ல. கால் மணி நேரம் கழிச்சு தானா எழுந்து கன்ன நக்கப் போயிட்டா.

மூணு நாளைக்கு மடிய முழுசா கறக்கக் கூடாது. அப்பா அதுக்கும் மேல: "இவ பாலு கன்னுக்கு. பூசத்துக்கு எடுக்காத." ரெண்டாவது பஸ்காரங்களுக்குப் போன் பண்ணிட்டேன். திட்டுனாங்க. திட்டட்டும்.

24 ஜனவரி

வெள்ளி ரதம் காலையிலயே கிளம்பிடுச்சு. நாங்க ராத்திரி பினாங்கு பாலத்துல. ஐஸ் பெட்டில பால். ஜாம்.

25

தூக்கம்.

30 ஜனவரி, செவ்வாய்

வைக்கோலு. பெனாகாவுல நெல்லு போடுற பாக்சிக்குக்கு (மலாய்க்காரப் பெரியவர்) இப்பவே போன் அடிச்சாச்சு, போன வருசம் லேட்டா கேட்டதுல பக்கத்து ஆளு எரிச்சிட்டாரு. மூசிம் உத்தாமா (பெரிய போகம்) நெல்லு பிப்ரவரில அறுப்பாராம், நாத்து விட்டதே லேட்டு. மெஷின் அறுத்துட்டுப் போனதும் ரெண்டு நாள் வெயில்ல காய்ஞ்சா உருட்டிடலாம், நடுவுல ஒரு மழை அடிச்சா பூசணம், அத மாடு தொடாது. இந்த வருசம் எல் நினோ, மழை வராதுன்னு அவரு தைரியமா இருக்காரு. எனக்கு அதே எல் நினோதான் பயம், மார்ச் மாசம் செம்பனைக்கு அடியில ஒரு புல்லு இருக்காது.

விலை கேட்டேன். நெல்லுக்கு அரசாங்கத் தரைவிலை இந்த 2024ல டன்னுக்கு 1300 வெள்ளி (ரிங்கிட்), மில்லுக்காரங்க அதுக்கு மேலயே குடுத்து எடுக்குறாங்களாம். கடையில லோக்கல் அரிசி 10 கிலோ 26 வெள்ளின்னு 2008லேருந்து அதே விலை, பேருக்குத்தான் விலை, போன செப்டம்பர்லேருந்து அரிசியே கண்ணுல படல. நெல்லு வெளையிற ஊருல இருந்துக்கிட்டு இறக்குமதி அரிசிய வாங்கித் திங்கிறோம். பாக்சிக் சிரிக்கிறாரு, அவருக்கும் அதேதானாம்.

குச்சி இப்ப ரெண்டாம் பிளாக் வரைக்கும் வந்துடுச்சு.

7 பிப்ரவரி, புதன்

அப்பா வந்துட்டாரு. கால்ல ரெண்டு விரல் இல்ல. வீட்டுக்குள்ள போகல, காரிலேருந்து நேரா கொட்டகை. பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உக்கார வச்சேன். கன்னுக்குட்டி கட்டு போட்ட காலைப் போய் மோந்துச்சு, தள்ளி விடவும் மாட்டேங்குறாரு.

14 பிப்ரவரி

வெயில் எச்சரிக்கை வருது இப்பல்லாம். மூணு நாள் சேந்தாப்ல 35லேருந்து 37 டிகிரி போனா முதல் படி. மாட்டுக்கு அந்தப் படியெல்லாம் தேவையில்ல, 30 தாண்டுனாலே மூச்சு வாங்குது. பால் குறைஞ்சு போச்சு. மேய்ச்சல் காலையில ஏழுலேருந்து பத்து, அப்புறம் அஞ்சு மணிக்கு மேல. புண்ணாக்கும் சக்கையும் ராத்திரிக்கு மாத்தியாச்சு, மத்தியானம் வயிறு நிறைய தின்னா உள்ள இருந்தே சூடு கிளம்பும். தலையில தண்ணி ஊத்துறத விட முதுகுல ஊத்தி ஃபேன் போடணும், காத்து இல்லாம சும்மா நனைச்சா புழுக்கம்தான்.

கோமாரி ஊசி ஆறு மாசம் ஆச்சு, காலண்டர்ல அப்பா வட்டம் போட்டு வச்சிருக்காரு. அப்பா இல்லாதப்ப அந்த வட்டம்தான் எனக்கு எஜமான்.

22 பிப்ரவரி

புகை. ரோட்டுக்கு அந்தப் பக்கம். பெனாகா போற வழியில ரெண்டு வயல் கருப்பா கெடக்கு. வைக்கோல எரிக்கிறது, அதுவும் சட்டப்படி கூடாது. எங்க மாடுங்க இங்க எலும்பு எண்ணுதுங்க. பாக்சிக்குக்கு அடிச்சேன், "உன்னுது இருக்கு, சுசா ஹாத்தி (கவலை) வேணாம்"ங்கிறாரு. இருந்தாலும் போய்ப் பாத்துட்டுதான் வந்தேன்.

3 மார்ச், ஞாயிறு

மழை இல்ல.

வைக்கோல்ல சத்து இல்ல, வயிறு ரொம்பும் அவ்வளவுதான். அதனால யூரியா போட்டு ஊற வைக்கலாம்னு அப்பா. 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா, அத தண்ணில முழுசா கரைச்சு, அடுக்கு அடுக்கா தெளிச்சு மிதிச்சு, தார்ப்பாயால காத்து போகாம மூடணும். மூணு வாரம். பிரிக்கும்போது மூக்க எரிக்கும், ஒரு நாள் ஆறப் போட்டுட்டுதான் வைக்கணும். சின்னக் கன்னுக்குக் கூடாது. கரையாத யூரியாவ மாடு நக்கிட்டா அன்னிக்கே போச்சு, அந்த மூட்டைய வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கேன், அம்மா அரிசி மூட்டைக்குப் பக்கத்துல வச்சிட்டேன்னு கத்துறாங்க.

மண்டோர் இன்னிக்கு என்னைப் பாத்துட்டு வேற பக்கம் போறாரு. குச்சி கொட்டகைக்குப் பின்னாடி. அப்பாகிட்ட சொல்லல. அவருக்குத் தெரியும்னு நினைக்கிறேன், நேத்து அந்தப் பக்கம் நாற்காலியத் திருப்பிப் போடச் சொன்னாரு.

9 மார்ச், சனி

பெனாகா லாரி கிளம்பிடுச்சாம், மழைக்கு முன்னாடி கொட்டகைக்குள்ள அடுக்கிடணும். செவ்வாய்க்கிழமை நோன்பு ஆரம்பிச்சிடும், அப்புறம் லாரிக்காரர் பகல்ல தூக்க மாட்டாரு, அதான் இன்னிக்கே. ஜாவி, வால்டோர் பக்கம் யாராச்சும் சும்மா இருந்தா மூணு மணிக்குள்ள வாங்க, ரோல் இறக்க ஆள் பத்தல, டீயும் தோசையும் அம்மா போடுறாங்க. கையுறை கொண்டாந்துடுங்க, போன தடவை எல்லாருக்கும் கை கிழிஞ்சிடுச்சு