ஏசி செய்முறைத் தேர்வு: எந்தப் பம்பை எடுப்பது, பையில் எதை வைப்பது

ஏசி வேலைக்கான தேர்வின் முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். செய்முறையில் எதிர்பார்த்ததைவிடக் கூடவே வந்திருக்கிறது. இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன். எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவிட்டால் அடுத்து உட்காரப் போகிறவர்களுக்கு உதவும். தேர்வு எப்படி நடக்கும், எந்தப் பகுதிக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. வாக்யூம் பம்பையும் (குளிர்பதனி ஏற்றுவதற்கு முன் ஏசி பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்து வெளியேற்றுவது) கைக்கருவிகளையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மட்டும் சொல்கிறேன். என் மதிப்பெண்ணை முடிவு செய்தது அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பம்பை சிஸ்டத்தில், அதாவது ஏசியின் குளிர்பதனி ஓடும் பைப்புகளில், மாட்டுவதற்கு முன், மைக்ரான் கேஜை நேராகப் பம்பின் வாயிலேயே மாட்டுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தை அளப்பது அது. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டர் பாதரசத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, எண் குறையக் குறைய வாக்யூம் ஆழம். வேறு ஹோஸ், மேனிஃபோல்டு (கேஜ்களும் வால்வுகளும் சேர்ந்த இணைப்புக் கட்டை) எதுவும் வேண்டாம். பம்பை ஓடவிட்டுப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் டூ-ஸ்டேஜ் (இரண்டு அறை உள்ள) பம்ப் கொஞ்ச நேரத்தில் 100 மைக்ரானுக்குக் கீழே இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் ஆயிலை மாற்றுங்கள். அப்புறமும் இறங்கவில்லை என்றால் அந்தப் பம்பை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். தனியாகவே இழுக்க முடியாத பம்ப், பைப்பும் காயிலும் சேர்ந்த பிறகு இழுக்கவே இழுக்காது. இந்தச் சோதனையைச் செய்யாமல் மாட்டிவிட்டால், அளவு கீழே வராதபோது குறை பம்பிலா, ஃபிளேரிலா (பைப் முனையைப் புனல்போல் விரித்து நட்டால் இறுக்கும் இணைப்பு), ஹோஸிலா என்று எல்லா இடத்திலும் தேட வேண்டிவரும். தேர்வு நேரம் அந்தத் தேடலிலேயே போய்விடும்.

எங்களுக்குப் பயிற்சி தந்த இடத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. அதில் எனக்கு வருத்தம் இன்னும் இருக்கிறது. ‘அரை மணி நேரம் ஓடட்டும், கேஜ் முள் 30 அங்குலத்துக்குப் போனால் வாக்யூம் ஆகிவிட்டது’ என்பதோடு பாடம் முடிந்தது. மைக்ரான் கேஜ் பெட்டியைவிட்டு வெளியே வந்ததே இல்லை.

அந்த முள்ளை நம்புவது ஏன் தவறு என்பதைக் கணக்காகப் பார்த்தால் புரியும். காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம், அதாவது 7,60,000 மைக்ரான். காம்பவுண்டு கேஜில், அதாவது மேனிஃபோல்டில் வாக்யூமை அங்குலப் பாதரசத்தில் காட்டும் அந்த முள் கேஜில், ஒரு அங்குலம் என்பது 25,400 மைக்ரான். நாம் போய்ச்சேர வேண்டிய இடமோ 500 மைக்ரான். 25 டிகிரி செல்சியஸில் தண்ணீர் கொதிக்கத் தொடங்குவதே ஏறக்குறைய 24,000 மைக்ரானில்தான். ஆக, பைப்புக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறுகிற வேலை முழுவதும் அந்த கேஜின் கடைசி ஒரு அங்குலத்துக்குள் நடக்கிறது. முள்ளின் தடிமனுக்குள்ளேயே ஆயிரக்கணக்கான மைக்ரான் மறைந்துவிடும். 500 மைக்ரானில் தண்ணீரின் கொதிநிலை மைனஸ் 24 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது, அதனால்தான் அந்த எண்ணைக் குறிவைக்கிறோம். இந்த விளக்கத்தை மதிப்பெண் போடும் தேர்வாளரிடம் சொன்னபோது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

எங்கள் மேசையில் மூன்று பம்புகள் இருந்தன. பெரிய பம்ப் ஒன்று, புத்தம்புது பெயின்ட்டோடு. எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். நான் முதலில் பார்த்தது ஆயில் கண்ணாடியை. பெரியதில் ஆயில் பால் கலந்தது போல் வெளுத்திருந்தது. ஈரம் ஏறிய ஆயிலின் நிறம் அது. சின்னதில் ஆயில் தெளிவாக, இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. அதை எடுத்து மைக்ரான் கேஜ் மாட்டினேன், எண் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது. பக்கத்து மேசை நண்பர் பெரிய பம்போடு கடைசிவரை போராடினார். நல்ல கைவேலை தெரிந்தவர். அவருக்கு வந்த மதிப்பெண் அவர் வேலைக்கு ஏற்றதல்ல.

பெரிய பம்ப் பற்றிய மயக்கத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை நகர்த்துகிறது என்பது மட்டும்தான். ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். அது எவ்வளவு ஆழமாக இழுக்கும் என்பதைச் சொல்லாது. ஆழத்தைச் சொல்வது பம்பின் தகட்டில் ‘அல்டிமேட் வாக்யூம்’ என்று போட்டிருக்கும் எண். டூ-ஸ்டேஜ் பம்புகளில் இது 15, 25 மைக்ரான் என்ற அளவில் இருக்கும். முதல் அறை இழுத்ததை இரண்டாவது அறை மறுபடி இழுப்பதால் கிடைக்கும் ஆழம் அது. சிங்கிள்-ஸ்டேஜை ஏசி வேலைக்கு நான் எடுக்கவே மாட்டேன். சாதாரண ஸ்பிளிட் ஏசிக்கு 3 அல்லது 4 சிஎஃப்எம் தாராளம். சிஎஃப்எம் எண்ணை அதாலேயே பெருக்கினால் அந்தப் பம்ப் வசதியாகச் சமாளிக்கும் ஏசியின் டன் அளவு (குளிரூட்டும் திறன்) வரும் என்று தொழிலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. 4 சிஎஃப்எம் என்றால் 16 டன். தேர்வில் 16 டன் மெஷின் வைக்க மாட்டார்கள்.

பம்ப் எப்படிப்பட்டதாக இருந்தாலும் வழி குறுகலாக இருந்தால் பயனில்லை. சர்வீஸ் போர்ட்டில் (ஹோஸ் மாட்டும் வாய்) பின் வால்வு கோரை (டயர் வால்வில் இருப்பது போன்ற சின்ன உள் வால்வு) உள்ளேயே விட்டுவிட்டு, நீளமான கால் அங்குல ஹோஸில், மேனிஃபோல்டு வழியாக இழுப்பது ஊசித் துளை வழியாகத் தொட்டியைக் காலி செய்வதற்குச் சமம். குழாயின் உள்விட்டம் ஒன்றரை மடங்கானால் அதே அழுத்த வேறுபாட்டில் ஓட்டம் ஏறக்குறைய ஐந்து மடங்காகும், ஏனென்றால் அது விட்டத்தின் நான்காம் அடுக்கைச் சார்ந்தது. நீளம் இரட்டித்தால் பாதியாகிவிடும். அதனால் கோர் ரிமூவல் டூல் ஒன்றும் குட்டையான 3/8 அங்குல வாக்யூம் ஹோஸ் ஒன்றும் என் பையில் நிரந்தரமாக இருக்கின்றன. கோரை எடுத்துவிட்டு, மேனிஃபோல்டைத் தவிர்த்துவிட்டு, ஹோஸை நேராகப் பம்புக்குக் கொடுத்தேன். பம்பைத் தனியாகச் சோதித்து முடித்து சிஸ்டத்தை இழுக்கும்போது, மைக்ரான் கேஜை பம்பிலிருந்து தள்ளி, சிஸ்டம் பக்கம் மாட்டுங்கள். பம்ப் ஓரத்தில் மாட்டினால் பம்பின் அளவைத்தான் காட்டும், பைப்புக்குள் இருப்பதைக் காட்டாது.

பம்ப் எடுக்கும்போது பார்க்க வேண்டியவை:

- ஆயில் நிறம், அளவு. சந்தேகம் என்றால் மாற்றிவிடுங்கள். கொஞ்சம் ஓடவிட்டுச் சூடாக வடித்தால் அழுக்கும் சேர்ந்து வரும். வாக்யூம் பம்ப் ஆயிலை மட்டுமே ஊற்றுங்கள், கம்ப்ரசர் ஆயில் ஆகாது.
- கேஸ் பேலஸ்ட் குமிழ் (பம்புக்குள் கொஞ்சம் வெளிக்காற்றை விடுவது) இருக்கிறதா. ஈரம் அதிகமுள்ள சிஸ்டத்தில் ஆரம்பத்தில் திறந்துவைத்தால் நீராவி ஆயிலில் கலக்காமல் வெளியே போகும். 1,000, 2,000 மைக்ரான் வந்ததும் மூடிவிட வேண்டும். திறந்தே இருந்தால் ஆழமான வாக்யூம் வராது.
- வாயில் ஐசொலேஷன் வால்வு (பம்பைத் தனியே மூடுவது), உள்ளே செக் வால்வு (ஒருவழி வால்வு). மின்சாரம் போனால் ஆயில் சிஸ்டத்துக்குள் ஏறாமல் காப்பது இவைதான்.
- ஹோஸ் முனை ரப்பர் வாஷர்கள். வெடித்திருந்தால் அங்கேயே லீக்.
- ஆர்-32, ஆர்-290 என்றால் எரியக்கூடிய குளிர்பதனி. அதற்கு ஏற்றது என்று குறிக்கப்பட்ட, சுவிட்சில் பொறி வராத பம்ப்தான் வேண்டும்.

அளவு 500-க்குக் கீழே வந்ததும் நிறுத்திவிட்டு எழுந்துவிடாதீர்கள். கோர் டூலின் வால்வை மூடி, பம்பை நிறுத்தி, கேஜைப் பார்த்துக்கொண்டே இருங்கள். 1,000-ஐத் தாண்டி ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம் மிச்சம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக். 10 நிமிடத்தில் 1,000-ஐத் தாண்டாமல் நின்றால் நான் திருப்தி அடைவேன். ஈரம் மிச்சம் என்று தெரிந்தால் உலர்ந்த நைட்ரஜனைக் கொஞ்சம் விட்டு வாக்யூமை உடைத்து, மறுபடி இழுக்க வேண்டும். ஆர்-410ஏ, ஆர்-32 குளிர்பதனி ஓடும் சிஸ்டங்களில் இருக்கும் பிஓஇ ஆயில் (கம்ப்ரசருக்கான செயற்கை ஆயில்) ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் வாக்யூமால் அதை முழுதாக வெளியே எடுப்பது கடினம், ஆகவே பைப் முனைகளை வேலை தொடங்கும்வரை மூடியே வையுங்கள். இது தேர்விலும் கவனிக்கப்படுகிறது.

சரி, கைக்கருவிகள். இதில் நான் பணத்தைக் கொட்டியது ஃபிளேரிங் டூலில். மற்றவற்றில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்காதீர்கள். கூம்பு மையம் விலகிச் சுழலும் எக்சென்ட்ரிக் வகை, கிளட்ச் உள்ளதாக எடுங்கள். சரியான அளவு வந்ததும் கிளட்ச் தானே நழுவும், கை பலத்தில் செம்பு மெலிந்துபோகாது. பைப்பைக் கவ்விப் பிடிக்கும் பாருக்கு மேலே பைப் எவ்வளவு நீட்டியிருக்க வேண்டும் என்பதில்தான் பலரும் இடறுகிறார்கள். ஆர்-410ஏ-க்கென்று வரும் கிளட்ச் டூலில் 0 முதல் 0.5 மில்லிமீட்டர். பழைய வகை கிளட்ச் டூலில் அதே வேலைக்கு 1.0 முதல் 1.5. எந்த டூல் கையில் இருக்கிறது என்று பார்க்காமல் மனப்பாட எண்ணைப் போட்டால் ஃபிளேர் நட்டுக்குள் உட்காராது.

டியூப் கட்டரில் கூர்மையான சக்கரம் போதும், பிராண்டு முக்கியமில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் குமிழைக் கொஞ்சமாகத் திருகுங்கள். ரீமர் போடும்போது (வெட்டிய ஓரத்துப் பிசிறைச் சுரண்டுவது) பைப் வாய் தரையைப் பார்க்கட்டும், செம்புத் தூள் உள்ளே போகக் கூடாது. தேர்வாளர் அருகில் வந்து நின்றது இந்தக் கட்டத்தில்தான்.

குறித்த அளவுக்கு மட்டும் நட்டை இறுக்கும் டார்க் ரென்ச் கட்டாயம், கூடவே பிடித்துக்கொள்ள ஒரு ஸ்பானர். பொதுவாகக் கையேடுகளில் காணும் அளவு: கால் அங்குல நட்டுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், 3/8-க்கு 34 முதல் 42, அரை அங்குலத்துக்கு 49 முதல் 61. மெஷினோடு வந்த கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் செல்லும்.

மீதி, வேகமாக:

- பெண்டர் (பைப் வளைக்க): லீவர் வகை. பைப் அளவுக்குத் தனித்தனி.
- ஆலன் கீ: 4, 5 மில்லிமீட்டர். சர்வீஸ் வால்வு திறக்க.
- மேனிஃபோல்டும் ஹோஸும்: ஆர்-410ஏ அழுத்தத்துக்கு ஏற்றவை. ஆர்-22 செட்டை மாட்டாதீர்கள்.
- 5/16 அங்குல அடாப்டர். ஆர்-410ஏ ஸ்பிளிட்டுகளின் போர்ட் பெரும்பாலும் அந்த அளவு. இது இல்லாமல் வந்து தவித்தவர்களைப் பார்த்தேன்.
- ஸ்க்ரூடிரைவர்: 1,000 வோல்ட் குறியீடு உள்ளது. டேப் சுற்றியது கணக்கில் சேராது.
- கிளாம்ப் மீட்டர் (கம்பியைக் கவ்வி மின்னோட்டம் அளப்பது), டிஜிட்டல் எடைத் தராசு. குளிர்பதனியை எடை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

வாய்மொழியில் என்னைக் கேட்டவை: வாக்யூமுக்கு முன் நைட்ரஜன் ஏன்? லீக்கை அழுத்தத்தில் பிடிக்க. பிரேஸிங் (பைப்புகளைச் சூட்டில் பற்றவைப்பது) செய்யும்போது நைட்ரஜன் ஏன்? உள்சுவரில் கரிய ஆக்சைடு செதில் படியாமல் இருக்க. நைட்ரஜன் இல்லையென்றால் ஆக்சிஜன் விடலாமா? கூடவே கூடாது, ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் மொத்த வாய்மொழியும் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது உயிர் சம்பந்தப்பட்டது.

நான் நிதானமாகச் செய்கிறவன். ஒவ்வொன்றையும் சோதித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன். வேகமாக வேலை செய்து பழகியவர்களுக்கு முதலில் பம்பைத் தனியாகச் சோதிப்பது நேர விரயமாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் நீங்கள் பைப் வெட்டலாம், ரீமர் போடலாம். பம்ப் ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். நான் அப்படித்தான் செய்தேன், நேரம் மிச்சமாகவே முடித்தேன்.

தேறிய பிறகு சொந்தமாகக் கருவி வாங்குகிறவர்கள் என்னிடம் கேட்டால் இந்த வரிசையைச் சொல்வேன்: முதலில் மைக்ரான் கேஜ். அடுத்து ஃபிளேரிங் டூலும் டார்க் ரென்ச்சும். பிறகு கோர் ரிமூவல் டூல், அகலமான ஹோஸ். பம்ப் அதற்கப்புறம்தான். மைக்ரான் கேஜ் கையில் இருந்தால் பழைய பம்பைக்கூட வாங்கும் இடத்திலேயே ஓடவிட்டுப் பார்த்து எடுக்கலாம். பம்போடு ஆயிலை இரண்டு பாட்டில் சேர்த்து வாங்குங்கள். திறந்த பாட்டிலை மூடியை இறுக்கித்தான் வைக்க வேண்டும், திறந்து கிடந்தால் காற்றிலுள்ள ஈரம் அதிலேயே ஏறிவிடும்.