பத்தமடைப் பாயின் சிவப்பு படத்திலும் சிவப்பாக வருவதற்கு

பத்தமடையில் பாய் நெய்யும் அக்கா ஒருவருக்குச் சின்னதாக ஓர் இணையதளம் செய்து கொடுத்தேன். அவர் நெய்வதில் முக்கியமானது கல்யாணப் பாய். மாப்பிள்ளை, பெண் பெயரைப் பாயிலேயே சேர்த்து நெய்வார். கோரையை ஊறவைத்து, சன்னமாகக் கிழித்து, சாயம் ஏற்றி நெய்தது. துணி மாதிரி மடங்கும். வெளியூர்க்காரர்கள் படத்தைப் பார்த்துத்தான் ஆர்டர் தருவார்கள்.

கேமராப் படம் ஒவ்வொன்றும் பல எம்பி. செல்போன் டேட்டாவில் திறக்க நேரமாகிறது என்று சுருக்கிப் போட்டேன். அக்கா பார்த்துவிட்டு, "இது நம்ம பாய் மாதிரியே இல்லியே தம்பி, செவப்பு கலங்கிக் கெடக்கு" என்றார். பெரிதாக்கிப் பார்த்தால், சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு தீற்றல். பெயர் எழுத்துகளின் ஓரமும் மங்கல். சுருக்கும்போது கொடுக்கும் தர எண்ணைக் கூட்டினால் கோப்புதான் பெருத்தது, தீற்றல் போகவில்லை.

காரணம் வேறு இடத்தில் இருந்தது. நான் சுருக்கிய ஜேபெக் (JPEG) வடிவம் ஒரு படத்தை வெளிச்சம், நிறம் என்று பிரித்து வைக்கும். நம் கண் வெளிச்ச வேறுபாட்டைத்தான் கூர்மையாகப் பார்க்கும் என்பதால், 4:2:0 முறையில் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல்தான் வைக்கிறார்கள். முகம், வயல், வானம் எல்லாவற்றுக்கும் அது போதும். பாய்க்குப் போதாது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன்: இரண்டு கோடும் ஒரே சாம்பல்! வெளிச்சத்தில் வித்தியாசமே இல்லாதபோது, கோட்டைப் பிரித்துக் காட்டுவது நிறம் மட்டும்தான். அதைத்தான் நாம் கால்வாசியாக்கிவிடுகிறோம்.

வெப்பி (WebP) என்ற புதிய பட வடிவத்துக்கு மாறலாம் என்று பலர் சொன்னார்கள். ஆனால் கொஞ்சம் தகவலை விட்டுவிட்டுச் சுருக்கும் அதன் இழப்புள்ள முறையில் 4:2:0 தவிர வேறு வழி கிடையாது. அதனால் மோஸ்ஜேபெக் (MozJPEG) பக்கம் போனேன். மோசில்லா 2014-இல் வெளியிட்ட திறமூல நிரலகம் இது. லிப்ஜேபெக்-டர்போ என்ற இன்னொரு ஜேபெக் நிரலகத்தை அடிப்படையாகக் கொண்டது. வெளிவருவது சாதாரண ஜேபெக் கோப்புதான், பழைய போனிலும் திறக்கும். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து எண்களாக வைக்கும்; கட்டம் ஒவ்வொன்றிலும் எந்த எண்ணை விட்டால் கண்ணுக்குச் சேதம் குறைவு, இடம் எவ்வளவு மிச்சம் என்று மோஸ்ஜேபெக் கணக்குப் போட்டு முடிவெடுக்கும். வேகம் குறைவுதான். என் வேலைக்கு அது பிரச்சினையே இல்லை.

உபுண்டுவில் மூலநிரலை இறக்கி நானே கட்டினேன். கட்டுவதற்குத் தேவையான சிமேக், நாஸ்ம் என்ற கருவிகளும் பிஎன்ஜி நிரலகமும் முதலில் இருக்க வேண்டும். நிறுவியதும் மோஸ்ஜேபெக் 'ஆப்ட்' (/opt) அடைவுக்குள் தனியாக உட்கார்ந்துகொள்ளும், கணினியில் ஏற்கெனவே உள்ள ஜேபெக் நிரலகத்தைத் தொடாது. அதனால் படத்தை ஜேபெக்காக மாற்றும் கட்டளையை வெறுமனே 'சிஜேபெக்' (cjpeg) என்று அடித்தால் பழையதுதான் ஓடக்கூடும். முழுப் பாதையையும் கொடுங்கள்.

அப்புறம் அந்தக் கட்டளையில் 'சாம்பிள்' விருப்பத்தை ஒன்றுக்கு ஒன்று (1x1) என்று வைத்தேன். அதாவது 4:4:4, ஒவ்வொரு புள்ளிக்கும் தன் நிறம். இதனால் கோப்பு கொஞ்சம் கூடும். தரத்தை 78-க்கு இறக்கி அதைச் சரிக்கட்டினேன். பழுப்புத் தீற்றல் போயே போய்விட்டது, எழுத்தின் ஓரம் தெளிவாக நின்றது.

ஒன்று மிச்சம் இருந்தது. இவ்வளவு நெருக்கமான நெசவைச் சிறிதாக்கும்போது, பாயில் இல்லாத அலைக்கோடுகள் படத்தில் ஓடும். இதற்கும் சுருக்கத்துக்கும் சம்பந்தமில்லை, அளவைக் குறைக்கும் முறைதான் காரணம். இமேஜ்மேஜிக் என்ற படத்திருத்தக் கருவியில், அளவைக் குறைப்பதற்கான லான்சோஸ் வடிகட்டி போட்டுக் குறைத்து, இழப்பில்லாத பிஎன்ஜியாக எடுத்து, பிறகு மோஸ்ஜேபெக்குக்குக் கொடுத்தேன். அலைகள் அடங்கின.

கேமராப் படங்களை அப்படியே தனி ஹார்டிஸ்கில் வைத்திருக்கிறேன். எந்த அளவு வேண்டுமென்றாலும் அதிலிருந்துதான் எடுப்பேன். இழந்த நிறத்தை எந்த நிரலகமும் திருப்பித் தராது.