பகீ பார்த்தாகிவிட்டது என்று டிக் அடித்தவர்கள்

உம்ரா புனிதப் பயண ஏஜென்சிகள் கொடுக்கும் பயணத் திட்டத்தாளில் 'மதீனா ஸியாரத்: குபா, கிப்லத்தைன், உஹது, ஜன்னத்துல் பகீ' என்று ஒரே வரியில் போட்டிருப்பார்கள். ஸியாரத் என்றால் புனித இடங்களுக்குப் போய் வருவது; பகீ என்பது மதீனாவில் நபியவர்களின் பள்ளிவாசலை ஒட்டிய மையவாடி, அதாவது அடக்கத்தலம். அந்த வரியை நம்பாதீர்கள். முதல் மூன்றுக்கும் பஸ்ஸில் கூட்டிப்போவார்கள். நான்காவதற்கு நீங்களாகத்தான் போய்க்கொள்ள வேண்டும்.

விசா, விமானம், ஹோட்டல் எதிலும் குறையில்லை. பள்ளிவாசலுக்குள் நபியவர்களின் அடக்கத்தை ஒட்டிய ரவ்ளாவுக்கு, சவூதி அரசின் நுஸுக் செயலியில் அனுமதி எடுப்பதற்குள் கண் பூத்துப்போனது, ஆனாலும் கிடைத்துவிட்டது. பகீக்கு அனுமதிச் சீட்டே தேவையில்லை. அதனால்தானோ என்னவோ, எங்களை அழைத்துப்போனவர்கள் அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

ஸியாரத்துக்கு வருகிறவர்களுக்கு பகீயின் கதவு பொதுவாக சுபுஹு (அதிகாலை) தொழுகைக்குப் பிறகும் அஸர் (மாலை) தொழுகைக்குப் பிறகும்தான் திறக்கும். எங்கள் பஸ்ஸோ காலைச் சாப்பாடு முடிந்து கிளம்பி, லுஹர் (நண்பகல்) தொழுகை நெருங்கும் வேளையில் திரும்பியது. இறங்கியதும் வழிகாட்டி தூரத்தில் தெரிந்த மதிலைக் கைநீட்டிக் காட்டி, "அதுதான் பகீ, இங்கிருந்தே ஸலாம் சொல்லிவிடுங்கள்" என்றார். சொல்லிவிட்டுத் தாளில் ஒரு டிக் அடித்துக்கொண்டார். மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களும், நபியவர்களின் பேரர் ஹஸன் (ரலி) அவர்களும், நபியவர்களின் மகன் இப்ராஹீமும், மார்க்கச் சட்ட மேதை இமாம் மாலிக்கும் அடங்கியிருக்கும் மையவாடிக்கு எங்கள் குழு கொடுத்த நேரம் அவ்வளவுதான். கேட்டதற்கு, "எல்லாக் குழுவுக்கும் இப்படித்தான் பாய்" என்றார்.

அதைவிட மனம் நொந்தது உம்மாவின் விஷயத்தில். பகீக்குள் பெண்களுக்கு அனுமதியில்லை; சவூதி உலமாக்களின் நிலைப்பாடு அது. பணம் கட்டும்போதே உம்மா இதைத்தான் கேட்டார். "எல்லோரும் போகலாம்மா" என்று வாய் கூசாமல் சொன்னார்கள். நாகூரிலும் ஏர்வாடியிலும் போய் ஓதிப் பழகியவர், நம்பிவிட்டார். அன்று அஸர் முடிந்து கூட்டத்தோடு படியருகே போனபோது, காவலர் என்னைப் பார்த்து 'போ' என்றும் உம்மாவைப் பார்த்து 'இல்லை' என்றும் ஒரே கையசைப்பில் சொல்லி முடித்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருடைய வேலை அது. இதை ஊரிலேயே சொல்லியிருந்தால், எழுபதை நெருங்கும் ஒரு மனுஷி முட்டிவலியோடு அந்த முற்றத்தைக் கடந்து வந்து, அத்தனை பேர் முன்னால் திரும்பி நடக்க வேண்டியிருந்திருக்காது. நானும் உள்ளே போகாமல் அவரோடு திரும்பிவிட்டேன்.

இரவு உம்மாதான் என்னைத் தேற்றினார். "உஹதில் ஹம்ஸா நாயகத்துக்கு எல்லோருமே கம்பிக்கு வெளியே நின்றுதானே வாப்பா ஸலாம் சொன்னோம்? ஆணென்ன, பெண்ணென்ன? நாளைக்கு நீ போய் என் ஸலாத்தையும் சேர்த்துச் சொல். பாத்திமா நாயகிக்குத் தனியாகச் சொல்" என்றார்.

மறுநாள் சுபுஹுக்குச் செருப்பைப் பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஹோட்டல்கள் பெரும்பாலும் வடக்குப் பக்கம். பகீ இருப்பதோ பள்ளிவாசலின் தென்கிழக்கில். வடக்கு வாசலில் செருப்பை விட்டால், அதை எடுத்துக்கொண்டு சுற்றி வருவதற்குள் நேரம் போய்விடும். ஃபர்ளு (கட்டாயத் தொழுகை) முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். அநேகமாக ஒவ்வொரு வக்துக்கும் (தொழுகை வேளைக்கும்) ஜனாஸா தொழுகை, அதாவது இறந்தவருக்கான தொழுகை இருக்கும், அதன் அறிவிப்பு உடனே வரும். தொழுதுவிட்டு மையித்தை (இறந்தவரின் உடலை)த் தூக்கிச் செல்பவர்களின் பின்னால் போனால் வழி கேட்கவே வேண்டாம்.

ஆனால் வேகமாக நடக்க வேண்டும். ஒரு சந்தூக்கு (மையித்தைச் சுமக்கும் பெட்டி) என் தோளுக்கு வந்து, நான் பிடியைச் சரியாகப் பற்றுவதற்குள் அடுத்தவர் தோளுக்கு மாறிவிட்டது. யாருடைய மையித்து என்று தெரியாது. கபரில் மூன்று கைப்பிடி மண் போடவும் இடம் கிடைத்தது.

உள்ளே பெயர் தேடிப் போகிறவர்கள் ஏமாந்துவிடுவார்கள். நம் ஊர் மையவாடியில் மீஸான் கல்லில் (கபரின் தலைக்கல்லில்) பெயரும் தேதியும் இருக்கும். இங்கே பழுப்பு மண்ணும், தலைமாட்டில் எழுத்தில்லாத கல்லும்தான். 1806இல் ஒருமுறை இடிக்கப்பட்டு, உதுமானியர் காலத்தில் திரும்பக் கட்டப்பட்ட குப்பாக்கள், அதாவது கபர்களின் மேலிருந்த குவிமாடங்கள், 1925-26 வாக்கில் மீண்டும் இடிக்கப்பட்டன. இந்த நிலையைப் பயன்படுத்திக்கொள்ளவும் ஆள் இருக்கிறது. செல்போனில் பழைய படமொன்றைக் காட்டி, "இது இன்னார் கபர்" என்று உருதுவில் சொல்லிக்கொண்டே கூட வந்த ஒருவர், கடைசியில் கையை நீட்டினார். அவர் தேவையே இல்லை. நுழைந்ததும் வலப்பக்கம் அஹ்லுல் பைத்தினர், அதாவது நபியவர்களின் குடும்பத்தார். அங்கேதான் அப்பாஸ், ஹஸன், ஜைனுல் ஆபிதீன், முஹம்மது பாகிர், ஜஃபர் ஸாதிக் ஆகியோர். சற்று முன்னால் நபியவர்களின் மகள்களும் மனைவியரும். மனைவியரில் கதீஜா நாயகி மக்காவின் முஅல்லா மையவாடியிலும், மைமூனா நாயகி மக்காவுக்கு அருகே ஸரிஃப் என்ற இடத்திலும் அடக்கமாகியிருக்கிறார்கள். உஸ்மான் (ரலி) அவர்களின் கபருக்கு உள்ளே வெகுதூரம் நடக்க வேண்டும். பாத்திமா நாயகியின் அடக்கம் பகீயிலா, அவர் வீட்டிலேயா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனால் உம்மாவின் ஸலாத்தை அஹ்லுல் பைத் பக்கம் ஒருமுறையும், வெளியே வந்து நபியவர்களின் அடக்கத்தின் மேலுள்ள பச்சைக் குப்பாவைப் பார்த்து ஒருமுறையும் சொல்லிவிட்டேன். உம்மாவுக்குப் பரம திருப்தி.

துஆ கேட்கும்போது கபரை நோக்கிக் கையேந்தினால், கிப்லா (தொழுகைத் திசை) பக்கம் திரும்பச் சொல்லிக் கண்டிப்பார்கள். வாக்குவாதம் செய்யாதீர்கள். மண்ணை எடுக்கவும் விடமாட்டார்கள்.

ஊர் திரும்பியதும் ஏஜென்சிக்குப் போன் செய்தேன். பகீக்கு சுபுஹு நேரத்தை ஒதுக்குங்கள், பெண்களிடம் முன்பே உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். "எழுதிக்கொள்கிறேன் பாய்" என்றார்கள். அடுத்த குழுவுக்கான விளம்பரம் போன வாரம் வந்தது. 'பெண்களுக்கும் பகீ ஸியாரத் உண்டு' என்று இந்த முறை கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.