பால் குடிக்கும்போது வியர்த்த நெற்றி

மகளுக்கு ஆறு வாரம் ஆனபோது அது தொடங்கியது. நான்கு மடக்கு உறிஞ்சுவாள், விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள், மறுபடியும் நான்கு மடக்கு. அதற்குள் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை அரும்பும். அவள் தலை சாய்ந்திருந்த என் முழங்கை மடிப்பு நனைந்துவிடும். அரை வயிறுகூட நிறையாமல் களைத்துத் தூங்கிப்போவாள். நான் புழுக்கம் என்று நினைத்துச் சட்டையைக் கழற்றிவிட்டேன். அந்த இரண்டு வாரங்களை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

தடுப்பூசிக்குப் போனபோதுதான் பிடிபட்டது. எடை ஏறவில்லை. தூங்கும்போதே மூச்சு நிமிடத்துக்கு 68. மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த மருத்துவர் வெகுநேரம் அதை எடுக்கவே இல்லை.

ஒலியலைகளால் இதயத்தைப் படம் பிடித்துக் காட்டும் எக்கோ பரிசோதனையில், திரையில் சிவப்பும் நீலமும் பீறிட்டன. சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம் என்று நினைத்து நடுங்கினேன். அப்படியில்லை, கருவியை நோக்கி வரும் ஓட்டம் சிவப்பு, விலகிப் போவது நீலம், அவ்வளவுதான். இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் பெரிய ஓட்டை.

"பிறந்த அன்று பரிசோதித்தார்களே, அப்போது ஏன் தெரியவில்லை?" என்று கேட்டேன். மருத்துவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். பிறந்த புதிதில் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுக்கமாக இருக்கும். அதனால் இரு பக்கமும் அழுத்தம் ஏறக்குறைய சமம். ஓட்டை வழியே அதிகம் பாயாது, இரைச்சலும் கேட்காது. வாரங்கள் போகப்போகக் குழாய்கள் தளர்கின்றன. அப்போது உடம்புக்குப் போகவேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் பாய்ந்து, மறுபடியும் நுரையீரலுக்கே போகிறது. நுரையீரல் ததும்புகிறது, இதயம் ஒரே ரத்தத்தைத் திரும்பத் திரும்ப இறைக்கிறது. பால் குடிப்பதே அவளுக்கு மலையேறுவதுபோல ஆனது இதனால்தான்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "நீலம் பாரிக்கவில்லையே, ஒன்றும் இருக்காது" என்றார்கள். அன்பால் சொன்னார்கள், ஆனால் தவறு. அவளுக்கு ஓட்டை வழியே பாய்ந்தது பிராணவாயு கலந்த ரத்தம். உதடு சிவப்பாகத்தான் இருக்கும். சிறிய ஓட்டைகள் பல தானாக மூடிக்கொள்ளும் என்பதும் உண்மை. பெரியதை அப்படி விட்டுவைத்தால் நுரையீரல் குழாய்கள் தடித்து இறுகி, ஓட்டமே திசை மாறும். அதன்பிறகு நீலம் பாரிக்கும். அந்தக் கட்டத்தில் ஓட்டையை மூடவும் முடியாது. இதைக் கேட்ட அன்றே அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்துவிட்டேன்.

உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுத்தோம். குடிக்க முடியாததை மூக்குக் குழாய் வழியே செலுத்தினோம். ஐந்தாம் மாதம் அறுவை சிகிச்சை. இதயத்தை நிறுத்தி, இயந்திரத்தின் துணையோடு ரத்தத்தை ஓடவிட்டு, ஓட்டையின்மேல் ஒட்டுத்துண்டு வைத்துத் தைத்தார்கள். ஐசியூவில் குழாய்களுக்கு நடுவே கிடந்தவளைத் தொட இடம் தேடினேன். இடது பாதம் மட்டும் கிடைத்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

பிளந்த மார்பெலும்பு கூடும்வரை, ஆறு வாரத்துக்கு அக்குளில் கைகொடுத்துத் தூக்கக்கூடாது என்றார்கள். ஒரு கை கழுத்துக்கும் தலைக்கும் கீழே, மறு கை இடுப்புக்குக் கீழே. இப்போது அவளுக்கு நான்கு வயது. தூக்கச் சொல்லி ஓடி வந்தால் இன்னமும் என் கைகள் அப்படித்தான் நீள்கின்றன.