பாட்டி வீட்டுக் கிறிஸ்துமஸ்

டிசம்பர் 22, திங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் பாட்டி வீடு. நாங்கள் வந்து இறங்கும்போதே பலகாரம் பாதி முடிந்திருந்தது. அச்சுமுறுக்கு டின் நிறைந்தாச்சு. மாமி முந்திரிக்கொத்துக்கு உட்கார்ந்திருந்தார். அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பாட்டா போனபிறகு இந்த வீட்டில் அவரும் பாட்டியும் மட்டும்தான். வறுத்துப் பொடித்த சிறுபயறு, சர்க்கரைப் பாகு, தேங்காய், எள்ளு, ஏலம். உருண்டைகளை மூன்று மூன்றாகச் சேர்த்து, மஞ்சள் கலந்த அரிசிமாவில் முக்கி, விரலாலேயே எண்ணெயில் இறக்குகிறார். ஒன்றுகூடப் பிரியவில்லை.

"பாகு கொஞ்சம் முறுகிப்போச்சோ?" என்றார் பெரியப்பா. மாமி பதில் சொல்லாமல் அவர் தட்டில் இன்னும் ரெண்டு கொத்து வைத்தார்.

டிசம்பர் 24, புதன்

துபாயிலிருந்து சித்தப்பா குடும்பமும் வந்துவிட்டது. ராத்திரி கேரல் குழு வந்தது. படுக்கப் பாய் போதவில்லை.

டிசம்பர் 25, வியாழன்

விடியக்காலை ஆராதனை, ஆப்பம், கோழிக்கறி. மத்தியானம் முதல் பந்தியில் ஆண்கள். சாப்பிட்டுக்கொண்டே பெரியப்பா பேச்சை எடுத்தார்: எல்லாரும் ஊரில் இருக்கும்போதே வீட்டையும் ரப்பர் விளையையும் மூணாகப் பிரித்து எழுதிவிடலாம். "அவளுக்கென்ன, யார் வீட்டுல வேணும்னாலும் இருக்கலாமே." அந்த 'அவள்' கறிச்சட்டியோடு பக்கத்தில்தான் நின்றார்.

பெரியப்பா கெட்டவர் இல்லை. பாட்டாவின் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவருடையது. ஆனால் இந்த வீட்டில் அனுப்பின பணத்துக்குக் கணக்கு இருக்கிறது. ரப்பர் பால்வெட்டுக்கு ஆள் பிடித்து, ரப்பர் ஷீட் விற்று, பாட்டியைக் குளிப்பாட்டிவிடுகிறவருக்குக் கணக்கே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதில் பெரியப்பா மகளிடமிருந்தே வந்தது. அக்கா குழித்துறை கோர்ட்டில் வக்கீல். "மூணு பங்கு இல்லப்பா. பாட்டா உயில் எழுதல. பாட்டிக்கு மூணுல ஒண்ணு, மீதி நாலு பிள்ளைகளுக்கும் சமம்."

பெரியப்பா மனதில் இருந்தது 1916ஆம் வருடத்துத் திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுச் சட்டம்: மகளுக்கு, மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. அது 1951லேயே செல்லாமல் போய்விட்டது, 1925ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்று, அப்பா சொத்தில் சம பங்கு கேட்டு மேரி ராய் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் சொல்லிவிட்டது. நம்ம மாவட்டம் திருவிதாங்கூரை விட்டு 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சட்டம் போயும் பந்தியில் அதே கணக்குத்தான் ஓடுகிறது.

டிசம்பர் 26, வெள்ளி

அம்மாவும் சித்தியும் நேற்று ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். "நானே பங்கு வேண்டாம்னு எங்க அண்ணன்மாருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்தவ. என்னத்தைப் பேச?" என்றாள் அம்மா. சித்தி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்குப் பாட்டி பெரியப்பாவைக் கூப்பிட்டார். "எனக்க பங்கு அவளுக்கு. மத்தத வக்கீலு சொன்ன மாதிரி செய்யுங்க." பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, யோசிக்கணும் அம்மா என்றார். அப்பா மட்டும், "எனக்குச் சம்மதம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். நேற்றே சொல்லியிருக்கலாம். சொன்னதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

சாயங்காலம் மாமி அக்காவிடம் வந்து, "நிலத் தீர்வை ரசீது எல்லாம் எனக்க பெட்டியில இருக்கு மக்ளே, வேணுமா?" என்றார். அக்கா ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். வாரிசுச் சான்றுக்கு ஜனவரியில் தாலுகா ஆபீஸில் மனு கொடுக்கிறார்கள். மாமியே நேரில் போகிறார்.